தண்ணீரைச் சோதிக்கும் மின்சாரம்

தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. ஆடித் தபசு நாளில் சங்கரன்கோவிலில் திரளும் மக்கள் வெள்ளத்தை எண்ணிப் பாருங்கள். வெயிலில் நடந்து வந்த அடியவர் தண்ணீர்ப் பந்தலில் ஒரு குவளை நீரை வாங்கி அருந்துகிறார். அந்நீரில் நோய்க்கிருமி உண்டா, இல்லையா என்பதை அவருடைய கண்ணும் நாவும் சொல்லா. 1884-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், கல்கத்தாவில் மக்கள் புழங்கிய குளத்து நீரிலேயே வாந்திபேதிக் கிருமியைக் கண்டார்.

நோய்க்கிருமிகள் பலவகை. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுதல் அரிது. ஆதலால் மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் ஈ.கோலி என்னும் பாக்டீரியாவை அடையாளமாகக் கொள்கின்றனர். அது நீரில் இருந்தால் மலக்கழிவு கலந்துள்ளது என்பது பொருள். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒன்றுகூடத் தென்படலாகாது என்பது இந்தியத் தர விதி.

இதனை அறியும் வழக்கமான முறை, நீரை வடிகட்டி, வடிதாளை ஊட்டப்பொருளின்மேல் இட்டு, இளஞ்சூட்டில் கிருமிகளை வளரவிட்டு எண்ணுவதாகும். இது நம்பத்தக்க முறையே. ஆயினும் ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்க வேண்டும். முடிவு வருவதற்குள் திருவிழா முடிந்து, நீரைக் குடித்தவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பியிருப்பர். இந்தக் காலத்தாழ்வைக் குறைக்கவே மின்சாரம் துணைக்கு அழைக்கப்படுகிறது.

பாக்டீரியா வளரும்போது ஊட்டக் கரைசலின் மின்கடத்தும் திறன் மாறுகிறது என்பதை ஸ்டூவர்ட் என்பவர் 1899-இலேயே எழுதினார். பின்னர், 1962-இல் அமெரிக்க அறிஞர்களான கிளார்க்கும் லயன்ஸும் நொதியை மின்முனையோடு இணைக்கும் வழியைக் காட்டினர். இன்று வீடுகளில் இரத்தச் சர்க்கரையை அளக்கும் சிறு கருவி அவ்வழியில் பிறந்ததே. உயிர்ப்பொருள் ஒன்று இனங்காண, மின்முனை அதை அளவாக்கித் தருகிறது. இத்தகைய கருவியை உயிர் உணரி என்பர்.

கிருமியை அறியும் உணரி எவ்வாறு வேலை செய்கிறது? இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் கோத்திருப்பதுபோல மெல்லிய உலோக மின்முனைகளை அமைக்கின்றனர். அவற்றின்மேல், குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றக்கூடிய எதிர்ப்பொருளைப் பூசுகின்றனர். பூட்டுக்கு உரிய சாவிபோல, உரிய கிருமி வந்ததும் அதில் ஒட்டிக்கொள்கிறது. கிருமியின் மேலுறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே கிருமிகள் படியப் படிய மின்னோட்டத்திற்குத் தடை மிகுகிறது. அத்தடையை அளந்து கிருமியின் அளவைக் கணிக்கின்றனர். வளரும்வரை காத்திராமையால் நேரம் பெரிதும் மிச்சமாகிறது.

இடர்களும் உண்டு. உணரியில் விடுவது ஒரு துளி. தேட வேண்டியதோ 100 மில்லிலிட்டரில் ஒரே ஒரு கிருமி. நெற்குதிரில் ஒரு கல்லைத் தேட, ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தால் போதுமா? ஆதலால் முதலில் கிருமிகளை வடிகட்டித் திரட்ட வேண்டும். நீரிலுள்ள உப்பும் பிற பொருள்களும் அளவைக் குழப்பலாம். செத்த கிருமியும் எதிர்ப்பொருளில் ஒட்டிக்கொள்ளும். இவற்றால் பழைய வளர்ப்புச் சோதனை இன்னும் கைவிடப்படவில்லை. 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் போன்ற நம் நாட்டு நிலையங்களிலும் மின்வேதி உணரிகள் பற்றிய ஆய்வு நடைபெறுகிறது.

நேயர்களே, உணரி கிருமியைக் காட்டுமேயன்றிக் கொல்லாது. கொல்வதற்குக் குளோரின் உண்டு. குளோரின் இட்ட குடிநீரில், அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது விதி. விரைந்து அறியும் கருவி ஊர்தோறும் வரும் நாள் வரட்டும். அதுவரையிலும், அதன் பின்னரும், தொட்டியைக் கழுவுதலும் குளோரின் இடுதலும் ஐயமுள்ள நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தலும் நம் கடமையாகும்.