மழுங்கிய கருவி, மூடிய உறை: பல் சுத்தம் செய்துகொள்வோர் அறிய வேண்டியவை

பல்லின் மீது படியும் நுண்ணுயிர்ப் படலம் நாள்தோறும் துலக்கி அகற்றப்படாவிட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகள் அதில் ஏறி, எந்தத் தூரிகைக்கும் அசையாத காரையாக அது இறுகிவிடுகிறது. இக்காரையைப் பெயர்த்தெடுக்கும் 'ஸ்கேலிங்' சிகிச்சையில் இன்று அதிர்வு இயந்திரங்களே முதலில் எடுக்கப்படுகின்றன என்றாலும், ஈறுக்கும் வேருக்கும் இடையிலான குறுகிய பைகளில் மிஞ்சுவதைச் சுரண்டியெடுக்கக் கைக்கருவிகளே இன்றும் பெரிதும் துணைநிற்கின்றன. நோயாளிகள் பெரும்பாலும் இக்கருவிகளின் கூர்மையைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு உண்மையில் தீங்கு செய்பவை மழுங்கிய கருவியும் தூய்மையற்ற கருவியும்தான்.

கைப்பிடி, அதனின்று வளைந்து செல்லும் கழுத்து, வேலைசெய்யும் அலகு ஆகிய மூன்று பகுதிகள் கொண்ட இக்கருவிகளில் 'ஸ்கேலர்' எனப்படுவது முக்கோண வெட்டுமுகமும் கூரிய நுனியும் உடையது. ஈறுக்கு மேலே தெரியும் காரைக்கு அது ஏற்றது, ஈறுக்குள் ஆழமாகச் செலுத்தினால் அதன் நுனியும் முதுகும் திசுவைக் கிழித்துவிடக்கூடும். 'கியூரெட்' எனப்படுவதோ முதுகும் நுனியும் உருண்டையாக அமைந்திருப்பதால் ஈறைக் காயப்படுத்தாமல் வேர்ப்பரப்பு வரை இறங்க வல்லது. அமெரிக்கப் பல் மருத்துவர் கிளேட்டன் கிரேசி 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வடிவமைத்த கியூரெட் வரிசையில் ஒவ்வொரு கருவியும் வாயின் ஒவ்வோர் இடத்துக்கென வளைக்கப்பட்டது: 11-12 எண்ணுள்ளது கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கும், 13-14 எண்ணுள்ளது அதன் பின்பக்கத்துக்கும் உரியவை. ஒரே கருவியைக் கொண்டு வாய் முழுவதையும் சுத்தம் செய்து முடிப்பது இந்த வடிவமைப்பின் நோக்கத்தையே புறக்கணிப்பதாகும்.

அலகின் விளிம்பு தேய்ந்து உருண்டுவிட்டால், அது காரையைப் பெயர்க்காமல் அதன் மேற்பரப்பை வழவழப்பாக்கி விடுகிறது. அவ்வாறு மெருகேறிய காரையை விரலுணர்வாலோ ஆய்வுக்கருவியாலோ கண்டறிவது அரிதாவதால், சுத்தம் முடிந்துவிட்டதாக மருத்துவரும் நோயாளியும் நம்பியிருக்க, ஈறுநோய் உள்ளே தொடர்கிறது. மேலும், மழுங்கிய அலகுக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. அழுத்தம் கூடக் கூடக் கருவி வழுக்கி ஈறையோ கன்னத்தையோ கீறும் வாய்ப்பும், சிகிச்சை செய்பவரின் மணிக்கட்டு தளரும் வாய்ப்பும் கூடுகின்றன. ஆகவே, கருவிகளைச் சாணைக்கல்லில் முறையாகத் தீட்டுவதும், தீட்டித் தீட்டி மெலிந்த அலகு ஈறுக்குள் முறிந்துவிடும் முன் அதை ஒதுக்கிவிடுவதும் மருத்துவரின் கடமைகளாகும். வேலைசெய்யும் கையின் ஒரு விரல் அருகிலுள்ள பல்லில் ஊன்றியிருப்பதும் வெறும் பழக்கமன்று. நோயாளி திடீரென அசைந்தாலும் கருவியைக் கட்டுக்குள் வைப்பது அந்த ஊன்றல்தான்.

இவற்றினும் பெரிய ஆபத்து தொற்று. ஈறுக்குள் செல்லும் கருவி இரத்தத்தைத் தொடுவதால், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. போன்ற கிருமிகளைக் கடத்தக்கூடிய வகையைச் சேர்ந்தது; அதைக் கழுவி உலர்த்தியபின் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடமோ, 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடமோ வைத்தாக வேண்டும்; கொதிநீரும் ஸ்பிரிட்டும் இதற்கு ஈடாகா. 2023இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்றவர்களிடையே, மண்ணில் வாழும் பாக்டீரியாவால் உண்டாகும் மெலியோய்டோசிஸ் நோய் மூளையைத் தாக்கி எட்டுப் பேர் இறந்தனர். எலும்பு மேலுறையைப் பிரிக்கும் கைக்கருவியைக் கொண்டு உப்புநீர்ப் புட்டியைத் திறந்து, அதே நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே தொற்றின் வழி என்று பின்னர் வெளியான ஆய்வு சுட்டியது. கருவி ஒன்றை அதற்குரியதல்லாத வேலைக்கு எடுத்த ஒரு பழக்கம் இத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பதை எளிதில் கடந்துவிட இயலாது.

ஆகவே, தூய்மையாக்கிய கருவிகள் இடப்பட்ட முத்திரையிட்ட உறையைத் தம் கண்முன் பிரிக்குமாறு கேட்பது நோயாளியின் உரிமை. அதனால் எந்த மருத்துவருக்கும் அவமதிப்பு நேர்ந்துவிடாது. உறையின் மீதுள்ள குறியீடு நிறம் மாறியிருப்பது, அது நீராவியில் வைக்கப்பட்டதற்கு அடையாளம். சிகிச்சை செய்பவரின் பதிவு எண்ணையும் கேட்டறியலாம்: பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் 'பல் சுகாதாரப் பணியாளர்' எவர் என்பதை 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே வரையறுத்துப் பதிவுமுறையையும் வகுத்தது, பயிற்சியற்ற உதவியாளர் அப்பணிக்கு உரியவர் அல்லர். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களும், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும் அதை முன்கூட்டியே தெரிவிப்பது மிக அவசியம். மருந்தைத் தாமாக நிறுத்துவதோ தெரிவிக்காதிருப்பதினும் ஆபத்தானது.

சுத்தம் செய்தபின் சில நாள் கூச்சமும் சிறு இரத்தக் கசிவும் இயல்பே; காரை அகன்ற இடைவெளிகளைக் கண்டு பல் தேய்ந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சலோ வீக்கமோ நிற்காத இரத்தப்போக்கோ ஏற்பட்டால் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். ரசீது, எக்ஸ்-ரே, மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். 1995இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருவதால், கவனக்குறைவால் தீங்கடைந்தவர் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தொழில் நெறி மீறலுக்கு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிடம் தனியே புகார் அளிக்கலாம். விரும்பிய பலன் கிட்டாமை மட்டுமே கவனக்குறைவு ஆகிவிடாது. திறமையுள்ள ஒரு மருத்துவர் இயல்பாகக் கடைப்பிடிக்கும் நெறி கைவிடப்பட்டதை வேறொரு மருத்துவரின் கருத்துடன் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், தீங்கு தெரிந்த உடனேயே இன்னொரு பல் மருத்துவரிடம் பரிசோதித்து, அவர் கண்டதை எழுத்தில் பெற்றுக்கொள்வது வழக்கின் வலிமைக்கு இன்றியமையாதது.