பளபளக்கும் பழைய சைக்கிள்



வீட்டுக் கொல்லைப்புறத்திலோ, சைக்கிள் கடையின் ஓரத்திலோ துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும் பழைய கறுப்புச் சைக்கிளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைதேர்ந்த ஒருவர் அதைக் கழற்றி, சுத்தம் செய்து, புதுப்பித்து நிறுத்தினால் எப்படி இருக்கும் தெரியுமா? முகம் தெரியும் கறுப்பு வண்ணம். குழாய்களின் மேல் மயிரிழை போன்ற தங்கநிறக் கோடுகள். வெள்ளி போல் மின்னும் ஹேண்டில்பார். இவற்றுக்கெல்லாம் மேலாக, இரண்டு சக்கரங்களையும் குடை போல் கவிந்து நிற்கும் இரும்புத் தகட்டு மட்கார்டுகள்!

பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகில் வீணான வளைவு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால், கொல்லைப்புறத்துச் சைக்கிளை இரும்புக்கடைக்கு எடைக்குப் போடுவதா, மீண்டும் ஓட வைப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

எங்கிருந்து வந்தது?

இன்று நாம் காணும் சைக்கிளின் அமைப்புக்கு முன்னோடி, 1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' சைக்கிள். ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்கள், பின் சக்கரத்தைச் சுழற்றும் செயின் என்பவை அதன் சிறப்புகள். 1887-ல் பெல்பாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். இவை இரண்டும் சேர்ந்த பிறகு சைக்கிள் உலகெங்கும் பரவியது.

ராலி, ஹெர்குலிஸ் போன்ற ஆங்கிலேயக் கம்பெனிகளின் கறுப்புச் சைக்கிள்கள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. நாடு விடுதலை பெற்றபின் இங்கேயே தொழிற்சாலைகள் எழுந்தன. சென்னை அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கப்பட்டது. கரடுமுரடான சாலை, அரிசி மூட்டை, பால் கேன், பின்னால் ஒரு ஆள் என எல்லாவற்றையும் தாங்கிய வண்டிகள் இவை.

இத்தகைய பழைய வண்டியின் சக்கரக் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 இருக்கும். ஏன் இந்த வேறுபாடு? ஓட்டுபவரின் எடையிலும், கேரியரில் வைக்கும் சுமையிலும் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. மிதிக்கும் விசையையும் அதுவேதான் தாங்குகிறது. ஆகவே அதற்குக் கூடுதல் கம்பிகள்.

மட்கார்டு எதற்கு?

'சேறு படாமல் இருக்க' என்று உடனே சொல்வீர்கள். சரி, சேறு ஏன் தெறிக்கிறது?

நீங்கள் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். அதாவது வினாடிக்கு 5 மீட்டர். டயரில் ஒட்டிய நீர்த்துளி வட்டப் பாதையில் சுற்றவேண்டுமானால், அதை மையம் நோக்கி ஒரு விசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 28 அங்குலச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 0.355 மீட்டர். 25-ஐ 0.355-ஆல் வகுத்தால் சுமார் 70 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 தானே? எனவே அந்தத் துளியைப் பிடித்து வைக்க, அதன் எடையைப் போல் ஏழு மடங்கு விசை தேவை! நீரின் ஒட்டும் தன்மையால் பெரிய துளிகளை அவ்வளவு வலுவாகப் பிடித்துவைக்க முடியாது.

பிடி விட்ட துளி எங்கே போகும்? நியூட்டனின் முதல் விதிப்படி, பிடி விட்ட இடத்தில் வரைந்த தொடுகோட்டின் வழியே பாயும். பின் சக்கரத்தின் பின்பக்கத்தில் டயர் மேல்நோக்கி நகர்கிறது. அங்கே பிடி விட்ட துளி, வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலே எழும்பும். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் ஒன்றேகால் மீட்டருக்குமேல் உயரும். இன்னும் சற்று மேலே விடுபட்ட துளி முன்னோக்கிச் சாய்ந்து பாயும். அங்கே என்ன இருக்கிறது? உங்கள் வெள்ளைச் சட்டையின் முதுகு! மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழைநாளில் போனால், முதுகில் நேர்கோடாகச் சேறு படிவதன் காரணம் இதுதான்.

முன் சக்கரத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து தெறிக்கும் நீர் பாதங்களையும் செயினையும் நனைக்கும். சேற்றிலுள்ள மணல், செயினின் இணைப்புகளுக்குள் புகுந்து அரம் போல் அவற்றைத் தேய்க்கும். ஆகவே மட்கார்டு சட்டையை மட்டுமல்ல, வண்டியின் ஆயுளையும் காக்கிறது.

மெல்லிய தகடு, உறுதியான வளைவு

மட்கார்டு மெல்லிய தகடுதான். ஆனால் அதன் குறுக்குவெட்டைப் பாருங்கள். தட்டையாக இல்லாமல் குழிவாக இருக்கிறது. பல பழைய வண்டிகளில் நடுவே முதுகெலும்பு போல ஒரு மேடும் ஓடும். விளிம்புகளோ உட்புறம் சுருட்டப்பட்டிருக்கும்.

ஓர் அஞ்சலட்டையின் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையில் ஒரு நாணயத்தை வையுங்கள். அட்டை தொங்கிவிடும். அதே அட்டையை நீளவாக்கில் ஓடுபோல் வளைத்துப் பிடித்து நாணயத்தை வையுங்கள். இப்போது தாங்குகிறது! பொருள் கூடவில்லை; வடிவம் மட்டுமே மாறியது. மட்கார்டின் குழிவும் மேடும் செய்யும் வேலை இதுவே. சுருட்டிய விளிம்பு இன்னும் உறுதி தருகிறது. கையைக் கிழிக்காமலும் காக்கிறது.

துரு எங்கே தொடங்குகிறது?

இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜனும் ஈரமும் தேவை என்று படித்திருக்கிறீர்கள். மட்கார்டின் மேல்பக்கத்தை நாம் துடைக்கிறோம். உட்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? அங்கே ஒட்டிய சேறு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. சுருட்டிய விளிம்பின் இடுக்கிலும் நீர் தங்குகிறது. கடலோர ஊரானால் உப்பும் சேர்ந்து வேலையை விரைவாக்கும்.

துருவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது உருவாகக் காரணமான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்டுக்கு அடியில் துரு வளரும்போது, பெயிண்ட் கொப்புளம் போல் எழும்பி உடைகிறது.

பளபளக்கும் ஹேண்டில்பார் மட்டும் எப்படிப் பல ஆண்டுகள் தாங்குகிறது? எஃகின் மேல் முதலில் நிக்கல் முலாம், அதன் மேல் மிக மெல்லிய குரோமிய முலாம் பூசியிருப்பார்கள். ஈரம் எஃகைத் தொடாமல் காப்பது முக்கியமாக நிக்கல்தான். குரோமியம் கடினமானது, மங்காதது. ஆயினும் ஊசிமுனைத் துளைகள் வழியே ஈரம் இறங்கினால், அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் தோன்றும்.

புதுப்பிக்கும் கலை

நல்ல கைவினைஞர் பெயிண்ட் டப்பாவை முதலில் தொடமாட்டார். முதல் வேலை, வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது. பெடல் அச்சு செல்லும் இடம், முன் போர்க்கின் மேல்பகுதி, குழாய்கள் சேரும் இணைப்புகள் ஆகியவற்றில் விரிசலோ, துரு அரித்த ஓட்டையோ இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால், எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் அது சாலைக்கு உகந்த வண்டி அல்ல. ஓடும்போது போர்க் உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

அடுத்து டிங்கரிங். நசுங்கிய மட்கார்டின் அடியில் வளைவான மரக்கட்டையை வைத்து, மேலிருந்து மெதுவாகத் தட்டி ஒடுக்கு எடுப்பார்கள். எஃகு வளைந்தால் பெரும்பாலும் திரும்ப நிமிர்த்தலாம். ஆனால் ஓங்கித் தட்டக் கூடாது. அடிக்க அடிக்க எஃகு கடினமாகும். ஓர் அளவுக்குமேல் வெடிப்பு விடும். பிளாஸ்டிக் மட்கார்டு துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறலாம். உடைந்தால் தட்டிச் சரிசெய்ய முடியாது.

பிறகு துரு நீக்கம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது ஏன்? புளியிலுள்ள அமிலம் உலோகத்தின் மேல் படிந்த கறையைக் கரைக்கிறது. துருவையும் மென்மையான அமிலங்களால் இப்படியே கரைக்கலாம். அமிலத்தை நன்றாகக் கழுவி, உலர்த்தி, தாமதமின்றி பிரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் துரு மறுபடியும் வந்துவிடும். குரோமிய முலாமில் உள்ள புள்ளிகளை, நனைத்த அலுமினியத் தாளால் தேய்ப்பார்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆகவே கீறல் விழுவது குறைவு.

ஓர் எச்சரிக்கை: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். ஈயத் தூசி நஞ்சு. உலர்ந்த பெயிண்டை நீங்களாக உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்த வேலையைத் தெரிந்த பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. எல்லாவற்றையும் புத்தம்புதிதாக மாற்றிவிடலாமா? பால்ரஸ் குண்டுகள், பிரேக் ரப்பர், தேய்ந்த செயின் ஆகியவற்றை மாற்றியே ஆகவேண்டும். பாதுகாப்பு அவற்றில்தான் இருக்கிறது. ஆனால் நல்ல நிலையிலுள்ள பழைய பெயிண்டையும், கையால் இழுத்த தங்கக் கோட்டையும், மட்கார்டில் யாரோ எழுதி வைத்த பெயரையும் சுரண்டி எறிந்தால் அவை திரும்பக் கிடைக்காது. அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் துடைத்துப் பார்க்கிறார்கள், பிறகே சுரண்டுகிறார்கள்.

செய்து பாருங்கள்

துருப்பிடித்த மூன்று ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை எலுமிச்சைச் சாற்றிலும், ஒன்றைத் தண்ணீரிலும் ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் மூன்றையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். எது சுத்தமாகிறது? சாற்றில் ஊறிய இரண்டையும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசித் துடையுங்கள். ஒன்றின் மேல் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் ஈரமான இடத்தில் ஒரு வாரம் வைத்து, தினமும் கவனித்து எழுதுங்கள்.

அந்த வாரத்திலேயே உங்கள் சைக்கிளைச் சாய்த்து, மட்கார்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். சேறு ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். உங்கள் சைக்கிளும் பல ஆண்டுகள் பளபளக்கும்.