மருந்தேற்றிய நானோதுகள்களின் அகச்சிவப்பு நிறமாலையியல்

மருந்தேற்றிய நானோதுகள்களின் அகச்சிவப்பு நிறமாலையியல் என்பது, மருந்தைத் தாங்கிய பலபடி நானோதுகள்கள் அகச்சிவப்புக் கதிர்களை எந்தெந்த அலை எண்களில் உட்கவர்கின்றன என அளந்து, அவற்றிலுள்ள வேதிப்பிணைப்புகளை அறியும் முறையாகும். மருந்து சிதையாமல் உள்ளதா, பலபடியுடன் எவ்வகையில் ஊடாடுகிறது ஆகியவற்றை அறிய இது உதவுகிறது. மருந்து துகளின் உள்ளே இருக்கிறது என்பதை இம்முறையை மட்டும் கொண்டு மெய்ப்பிக்க இயலாது.

அடிப்படைத் தத்துவம்

அகச்சிவப்புக் கதிர்களை வில்லியம் எர்ழ்செல் 1800ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மூலக்கூறிலுள்ள பிணைப்பை ஒரு சுருள்வில்லாகவும், அணுக்களை அதன் இரு முனைகளிலும் உள்ள குண்டுகளாகவும் கருதலாம். வில் விறைப்பாகவும் குண்டுகள் எடை குறைந்தும் இருந்தால் அதிர்வெண் கூடும். அதிர்வின்போது இருமுனைத் திருப்புத்திறன் மாறுமாயின், அதே அதிர்வெண்ணுடைய கதிர் உட்கவரப்படும். பொதுவாக 4000 முதல் 400 செ.மீ⁻¹ வரையான பகுதி ஆராயப்படுகிறது. சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த இராமன் விளைவும் மூலக்கூறுகளின் அதிர்வுகளையே வெளிப்படுத்துகிறது. இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

கருவியும் மாதிரியும்

தற்காலக் கருவிகள் எல்லா அலை எண்களையும் ஒருசேர அளக்கின்றன. குறுக்கீட்டுமானியிலிருந்து கிடைக்கும் குறிகையைக் கணினி ஃபூரியே உருமாற்றத்தின் மூலம் நிறமாலையாக மாற்றுகிறது. உலர்ந்த துகள்களைப் பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து, வில்லையாக அழுத்துவது வழக்கம். இவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். நீரின் பட்டைகள் 3400, 1640 செ.மீ⁻¹ ஆகியவற்றின் அருகே தோன்றுவதால், ஈரமான வில்லை தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

எடுத்துக்காட்டு: குர்க்குமின்

தருமபுரி, ஈரோடு உள்ளிட்ட மாவட்டங்களில் பயிரிடப்படும் மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான சேர்மம் குர்க்குமின். இது நீரில் மிக அரிதாகவே கரையும். உடலும் இதைக் குறைவாகவே ஏற்கிறது. ஆகவே இதனை நானோதுகள்களில் ஏற்றும் முயற்சிகள் பல நடைபெற்றுள்ளன. தில்லிப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஆப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் ஒன்று. அதில் உருவாக்கப்பட்ட பலபடித் துகள்கள் ஏறத்தாழ 50 நானோமீட்டர் அளவுடையவை.

அவ்வாய்வில் ஒருபடிகளின் நிறமாலையில் 800–1000 செ.மீ⁻¹ பகுதியில் இருந்த வினைல் இரட்டைப்பிணைப்பின் முகடுகள், பலபடியின் நிறமாலையில் மறைந்திருந்தன. ஒருபடிகள் இணையும்போது அந்த இரட்டைப்பிணைப்புகள் செலவாகிவிடுவதால், பலபடியாக்கம் நிகழ்ந்ததற்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது.

நிறமாலையைப் பொருள் கொள்ளல்

தூய குர்க்குமின் 3510 செ.மீ⁻¹ அருகே ஐதராக்சில் தொகுதிக்குரிய கூரிய முகட்டையும், 1628 அருகே கார்பனைல் தொகுதிக்குரிய முகட்டையும், 1510 அருகே மற்றொரு வலுவான முகட்டையும் தருகிறது. மருந்தேற்றிய துகளில் இவற்றின் மாற்றங்கள் பின்வருமாறு பொருள் கொள்ளப்படும்.

* முகடுகள் இடம் மாறாமல் இருத்தல்: மருந்து வேதிமாற்றம் அடையவில்லை என்பதற்கு ஆதரவு.
* ஐதராக்சில் முகடு அகன்று, குறைந்த அலை எண்ணுக்கு நகர்தல்: ஐதரசன் பிணைப்பு உருவாகியிருக்கலாம்.
* புதிய முகடு தோன்றுதல்: புதிய பிணைப்போ மாசோ இருக்கலாம்.

வரம்புகள்

மருந்தின் முகடுகள் மறைந்தால், மருந்து துகளுக்குள் சென்றுவிட்டது என்று முடிவு செய்வது பரவலாகக் காணப்படும் பிழையாகும். வினைல் முகடு மறைந்தது பிணைப்பே இல்லாமற்போனதால். மருந்தின் பிணைப்புகளோ துகளுக்குள்ளும் அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். மருந்தின் அளவு சில விழுக்காடு மட்டுமே எனில், அதன் முகடுகளைப் பலபடியின் வலுவான பட்டைகள் மறைத்துவிடக்கூடும்.

எனவே மருந்து, வெற்றுத் துகள், இரண்டையும் அதே விகிதத்தில் வெறுமனே கலந்த கலவை, மருந்தேற்றிய துகள் ஆகிய நான்கின் நிறமாலைகளையும் ஒப்பிட வேண்டும். கலவையிலும் முகடு தெரியவில்லை எனில், அதன் மறைவு எதையும் மெய்ப்பிப்பதில்லை. மருந்தின் அளவைப் புறஊதா–கட்புலனாகும் ஒளி நிறமாலையியலாலும், துகளின் உருவளவை எதிர்மின்னி நுண்ணோக்கியாலும், படிகத் தன்மையை ஊடுகதிர் விளிம்பு விளைவாலும் தனித்தனியே அறிய வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* இராமன் விளைவு
* நானோ தொழில்நுட்பம்
* மஞ்சள்