ரவுட்டர் லிஃப்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

மரத்தில் காடி எடுக்க, விளிம்பை உருட்ட, கதவுச் சட்டத்துக்கும் பலகைக்கும் நாக்கும் காடியும் போட இன்று தச்சுப் பட்டறைகளில் ரவுட்டர்தான் ஓடுகிறது. நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் போகக்கூடிய அந்த மோட்டாரைக் கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டலாம். தலைகீழாக மேசைக்கு அடியில் மாட்டி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டின் மீது மரத்தைத் தள்ளவும் செய்யலாம். குறுகலான துண்டுகளுக்கும், ஒரே அளவில் நிறைய வேண்டும்போதும் இரண்டாவதுதான் தோது. ஆனால் அப்படி மாட்டியபின் பிட்டை அரை மில்லிமீட்டர் உயர்த்தக்கூடக் குனிந்து, அடியில் கைவிட்டு, மோட்டாரின் கனத்தைத் தாங்கிக்கொண்டே திருக வேண்டும். அந்தத் தொல்லையைப் போக்க வந்ததுதான் ரவுட்டர் லிஃப்ட். மேசையில் பதியும் ஓர் அலுமினியத் தட்டு, அதிலிருந்து தொங்கும் வழிகாட்டித் தண்டுகள், அவற்றில் ஏறி இறங்கும் மோட்டார்க் கூடு, கூட்டை நகர்த்தும் திருகு. மேலிருந்தே கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் போதும்.

இதை விற்பவர்கள் முதலில் காட்டுவது டயலைத்தான்: அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. வரை வைக்கலாம் என்பார்கள். பணத்தை அங்கே கொட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. காரணம் மரம்தான். மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் தேக்கு அதிகம் அசையாது. அப்படியும் 100 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை, அறுத்த வாகைப் பொறுத்து, ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறினால் சுமார் 0.2 மி.மீ. வரை விரியும் அல்லது சுருங்கும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் இடையில் அந்த மாற்றம் ஒரு சதவீதத்தோடு நிற்பதில்லை. ஏற்றுமதிப் பெட்டிக்கான பைன் மரத்தை விதிப்படி உள்மையம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றுகிறார்களே, அதுவும் பூச்சியைக் கொல்லத்தான். மரம் ஈரம் குடிப்பதை அது நிறுத்தாது. “ஒரே நாளில் வெட்டும் நாக்கும் காடியும் ஒன்றுக்கொன்று இறுகப் பொருந்த வேண்டாமா?” என்று கேட்பது நியாயமே. பொருந்தத்தான் வேண்டும். அதற்கு 0.1 மி.மீ. வரை வைக்க முடிந்தால் போதும். வைத்த உயரம் கடைசித் துண்டு வரை நகராமல் நிற்பதுதான் முக்கியம்.

நகராமல் நிறுத்துவது டயல் அல்ல, உயரத்தை இறுக்கிப் பிடிக்கும் பூட்டும் வழிகாட்டித் தண்டுகளும். லேத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள ப்ளே தெரியும். லிஃப்டில் மோட்டாரின் எடையே அந்த இடைவெளியை எப்போதும் ஒரு பக்கமாக அழுத்திவைப்பதால், வெறுமனே சுற்றிப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியாது. சில்லைக் கீழ்நோக்கி இழுக்கும் சுருள் பிட்டைப் போட்டு வெட்டத் தொடங்கியதும் நிலைமை மாறும். பிட் மரத்துக்குள் ஏறப் பார்க்கும், மோட்டாரையும் மேலே இழுக்கும். பூட்டு தளர்ந்திருந்தால் காடியின் ஆழம் பாதியில் கூடிவிடும். வாங்குமுன் ஒரு டயல் கேஜை மேசையில் நிறுத்தி, பிட்டின் தலையில் முள்ளைத் தொடவிட்டுப் பூட்டை இறுக்கிப் பாருங்கள். இறுக்கும்போதே முள் நகர்ந்தால் அந்த லிஃப்டின் டயலை நம்பிப் பயனில்லை. பிறகு கேஜைப் பக்கவாட்டில் வைத்து, மின்சாரம் இல்லாமல், பிட்டைக் கையால் தள்ளுங்கள். தண்டுகளின் ஆட்டம் அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது மோட்டார் பொருத்தம். பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான். அமெரிக்க லிஃப்டுகளில் பெரும்பாலானவை, அடித்தளத்திலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய உருளை மோட்டார்களுக்காகச் செய்யப்பட்டவை; விட்டம் மூன்றரை அங்குலம் அல்லது 4.2 அங்குலம். நம் ஊர்ப் பட்டறைகளில் உள்ள பெரிய ரவுட்டர்களோ பெரும்பாலும் பிளஞ்ச் வகை. மோட்டார் தனியாக வராது. எனவே முதலில் மோட்டார், பிறகு லிஃப்ட். திருகின் புரியையும் பாருங்கள். அங்குலத்துக்கு 16 புரி என்றால் ஒரு சுற்றுக்கு அரை நூல். நூல் கணக்கில் பழகிய ஆசாரிக்கு அது சுலபம். மில்லிமீட்டர் வரைபடத்தில் வேலை செய்பவருக்கோ அதே சுற்று 1.5875 ஆகி, ஒவ்வொரு முறையும் கணக்குப் போடவைக்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசானும் 2012இல் டெய்ம்லரும் வந்தன. இவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு இயந்திரப் பட்டறைகளுக்கு உலோகத்தில் மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு என்பது அன்றாட அளவு. அதனால் இங்கே லிஃப்டை வாங்குவதைவிட அந்தப் பட்டறைகளில் செய்துகொள்வதே நல்லது என்பேன். கத்தரி வகைக் கார் ஜாக்கியை அடியில் வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. ஜாக்கி தாழ்ந்திருக்கையில் ஒரு சுற்றுக்கு அதிகமாகவும், உயர உயரக் குறைவாகவும் ஏறும்; அதற்குச் சீரான அளவு குறிக்க வழியில்லை. உருளை மோட்டார் வைத்திருப்பவர் மேசைத் தட்டையும் மோட்டார்க் கூட்டின் தட்டையும் சேர்த்துக் கட்டி, தண்டுத் துளைகளை ஒரே செட்டிங்கில் போடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கூடு பாதியில் சிக்கும். 2 மி.மீ. புரியுள்ள திருகில் இருபது கோடு போட்ட சக்கரம் வைத்தால் கோட்டுக்கு 0.1 மி.மீ. கிடைக்கும். மரத்தூள் திருகின் மீதே கொட்டும் என்பதால் கிரீஸ் வேண்டாம், உலர் மசகு போதும். பிளஞ்ச் ரவுட்டருக்கு இவ்வளவும் தேவையில்லை. அதற்குச் சொந்தமாகவே இரண்டு தண்டுகளும் ஒரு பூட்டும் உண்டு. சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஏற்றி இறக்க ஒரு திருகு பொருத்தினால் போதும். தண்டில் ஆட்டம் இல்லாத பிளஞ்ச் ரவுட்டர் கையில் இருந்தால், வெளிநாட்டு லிஃப்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தத் தொகையில் நல்ல கார்பைடு பிட்டுகள் வாங்குங்கள்.