வெள்ளீயத் துளிக்குள் வல்லரசுப் போட்டி

வெள்ளீயத்தை உருக்கி, தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத துளிகளாக்கி, வெற்றிட அறைக்குள் நொடிக்கு 50,000 வீதம் சீறவிடுகிறார்கள். ஒவ்வொரு துளியின் மீதும் லேசர் இருமுறை பாய்கிறது. முதல் அடியில் துளி அப்பளம்போலத் தட்டையாகிறது. இரண்டாம் அடியில், சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு சூடான பிளாஸ்மாவாகச் சிதறுகிறது. அப்போது பிறக்கும் ஒளியின் அலைநீளம் 13.5 நானோமீட்டர். ‘அதிபுற ஊதா’ எனப்படும் இந்த ஒளியைக் கொண்டுதான் இன்றைய உயர்ரகச் சிப்களின் மிக நுண்ணிய மின்சுற்றுகளைச் சிலிக்கன் மீது பதிக்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? சுற்று நுணுக நுணுக, அதைப் பதிக்கும் ஒளியின் அலைநீளமும் குறைந்தாக வேண்டும். இதற்கு முந்தைய இயந்திரங்களின் ஒளி 193 நானோமீட்டர். 13.5-க்கு இறங்கியதும் புதுச் சிக்கல் முளைத்தது. இந்த ஒளியைக் காற்றும் விழுங்கும், கண்ணாடியும் விழுங்கும். எனவே இயந்திரத்தின் உட்புறம் வெற்றிடமாக இருக்க வேண்டும். லென்ஸுக்குப் பதில் ஆடிகள் வேண்டும். சிலிக்கனும் மாலிப்டினமும் மாறி மாறிப் படிந்த அந்த ஆடிகள்கூட ஒவ்வொரு முறையும் சுமார் 30 சதவீத ஒளியைத் தின்றுவிடுகின்றன. பத்து ஆடிகளில் பட்டுத் திரும்பினால் மிஞ்சுவது 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆடியின் வழவழப்போ நம்பமுடியாதது: அதை ஜெர்மனி நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கினாலும், மிக உயர்ந்த மேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

இந்த இயந்திரத்தை விற்கும் நிறுவனம் உலகில் ஒன்றே ஒன்று: நெதர்லாந்தின் வெல்ட்ஹோவனில் உள்ள ஏஎஸ்எம்எல். 180 டன் எடை, ஒரு லட்சம் பாகங்கள். பிரித்து அனுப்பவே 40 கண்டெய்னர்கள் தேவை. ஆனால் இதை டச்சு இயந்திரம் என்று சொல்வது பாதி உண்மைதான். ஆடிகள் ஜெர்மனியின் ஓபர்கோகன் ஊரிலுள்ள சைஸ் நிறுவனத்தில் உருவாகின்றன. லேசர் இன்னொரு ஜெர்மானிய நிறுவனமான ட்ரம்ப்ஃபினுடையது. ஒளிமூலம் அமெரிக்காவின் சான் டியேகோவில் இயங்கிய சைமர் நிறுவனத்தில் உருவானது. அந்த நிறுவனத்தை 2013-இல் ஏஎஸ்எம்எல் வாங்கிக்கொண்டது.

இதன் பூர்வகதையில் ஜப்பானும் இருக்கிறது. 1980-களின் நடுவில் என்டிடி நிறுவனத்தின் ஹிரோ கினோஷிடா இத்தகைய ஒளியால் படம் பதிக்க முடியும் என்று காட்டியபோது நம்பியவர்கள் குறைவு. 1997-இல் இன்டெல் உள்ளிட்ட அமெரிக்க நிறுவனங்கள், அரசின் தேசிய ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து இந்த ஆராய்ச்சியில் இறங்கின. அப்போது ஜப்பானிய நிறுவனங்களை அமெரிக்கா உள்ளே விடவில்லை. ஏஎஸ்எம்எல்லுக்குக் கதவு திறந்தது. இயந்திரம் கைகூட எடுத்த காலமும் செலவும் எல்லாரையும் மிரட்டின. 2012-இல் சிப் தயாரிப்பாளர்களான இன்டெல், டிஎஸ்எம்சி, சாம்சங் மூன்றும் தங்களுக்குள் இருந்த போட்டியை ஒதுக்கிவைத்து ஏஎஸ்எம்எல்லில் பணம் போட்டன. பெருமளவு உற்பத்தி 2019-ஐ ஒட்டித்தான் தொடங்கியது.

அதே 2019-இல் இயந்திரம் அரசியலுக்குள் இழுக்கப்பட்டது. சீனாவின் சிப் நிறுவனமான எஸ்எம்ஐசி கேட்டிருந்த அதிபுற ஊதா இயந்திரத்துக்கு நெதர்லாந்து அரசு ஏற்றுமதி உரிமம் தரவில்லை. பின்னணியில் அமெரிக்காவின் அழுத்தம் இருந்தது. 2022 அக்டோபரில் உயர்ரகச் சிப்களுக்கும் அவற்றைச் செய்யும் கருவிகளுக்கும் அமெரிக்கா விரிவான கட்டுப்பாடு விதித்தது. அடுத்த ஆண்டு ஜப்பானும் நெதர்லாந்தும் தங்கள் கருவிகளுக்கு அணைபோட்டன.

சீனா சும்மா இருக்கவில்லை. 2023 ஆகஸ்டில், சிப் தொழிலுக்குத் தேவைப்படும் காலியம், ஜெர்மேனியம் ஆகிய உலோகங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. உலகின் காலியத்தில் மிகப் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதே மாதம் வெளியான ஹுவாவே மேட் 60 ப்ரோ கைப்பேசியைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே எஸ்எம்ஐசி செய்த 7 நானோமீட்டர் ரகச் சிப்பைக் கண்டார்கள். பழைய ரக ஒளியையே ஒரே அடுக்கின் மீது பலமுறை பாய்ச்சி அதைச் செய்திருந்தார்கள். செலவு கூடும், பழுதும் கூடும், ஆனாலும் முடிந்தது.

தடையால் ஒரு நாட்டைத் தாமதப்படுத்தலாம் என்பதும், தடுத்து நிறுத்திவிட முடியாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அடுத்த படி, அதாவது அதிபுற ஊதா இயந்திரத்தைச் சொந்தமாகச் செய்வது, கடினமானது. வரைபடம் கிடைத்துவிட்டால் இயந்திரம் வந்துவிடாது. அணு அளவில் ஆடியை மெருகேற்றுவது, பறக்கும் துளியைத் தவறாமல் சுடுவது போன்றவை தனித்தனி நிறுவனங்களில் பல்லாண்டுக் கைப்பழக்கமாக ஊறியவை. சீனா ஈடுசெய்ய வேண்டியது ஏஎஸ்எம்எல்லை மட்டுமல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களையும்தான்.

இந்தக் கணக்கு அமெரிக்காவுக்கும் பொருந்தும். சிப் உற்பத்தியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர 2022-இல் சட்டம் இயற்றி 5,000 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கினார்கள். அந்த ஆதரவோடு அரிசோனாவில் எழுந்த ஆலையை நடத்துவது தைவானின் டிஎஸ்எம்சி. அதன் மைய இயந்திரம் வெல்ட்ஹோவனிலிருந்து வர வேண்டும். ஒளியை வாங்கிப் படம் பிடிக்கும் ஃபோட்டோரெசிஸ்ட் ரசாயனத்தில் ஜப்பானிய நிறுவனங்களின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆலையின் முகவரியை மாற்றப் பணம் போதும். அந்த ஆலை நம்பியிருக்கும் பிற நாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க இன்னும் எந்த வல்லரசுக்கும் வழி தெரியவில்லை.