அலாட்மென்ட் வரும்வரை பணம் யாரிடம்?

1980களில் ஒரு பப்ளிக் இஷ்யூவுக்குப் பணம் போட வேண்டுமென்றால் முதல் வேலை ஃபாரம் தேடுவது. சென்னையில் செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் பங்குச் சந்தை இருந்தது. அதை ஒட்டிய தரகர் அலுவலகங்களில் கேட்டால் கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் தெரிந்த சப் புரோக்கரைப் பிடிப்பார்கள். ஃபாரத்துக்குக் காசு கிடையாது. ஆனால் அதில் தரகரின் ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருக்கும். எவருடைய ஸ்டாம்ப் இருக்கிறதோ அவருக்குத்தான் கமிஷன். அதனால் "சார், வேற யார்கிட்டயும் வாங்கிடாதீங்க, நானே வீட்டுல கொண்டாந்து தர்றேன்" என்று சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போகிற சப் புரோக்கர்கள் உண்டு.

மெல்லிய, நீளமான காகிதம். முன்பக்கம் கட்டங்கள். பின்பக்கமும் மடிப்புக்குள்ளும் கம்பெனியின் கதை, எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில். பெயரை இங்கிலீஷ் பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும். எத்தனை பங்கு என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். காசோலையின் பின்னால் விண்ணப்ப எண்ணைக் குறிக்க வேண்டும். கையெழுத்து வங்கியில் போட்ட மாதிரியே இருக்க வேண்டும். இஷ்யூவுக்கென்று குறித்த வங்கிக் கிளைகளில்தான் வாங்குவார்கள். வெளியூர்க் காசோலை செல்லாது. காரைக்குடியில் இருப்பவர் டிராஃப்ட் எடுத்து மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பியாக வேண்டும். டிராஃப்ட் கமிஷன், தபால் செலவு எல்லாம் அவர் தலையில். கவுன்ட்டரில் கீழ்த்துண்டைக் கிழித்து முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அதைத் தொலைத்தவருக்குப் பிறகு பேச வாயில்லை.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. அப்போது பங்கின் விலையைக் கம்பெனி தீர்மானிக்க முடியாது; டெல்லியில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் தீர்மானிப்பார். அவர் கை எப்போதும் இறுக்கம். ஃபெரா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அந்நிய கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டியிருந்த 1970களின் இறுதியில் கோல்கேட் போன்ற கம்பெனிகளின் பங்குகள் மக்களிடம் வந்தன. 1977-ல் ரிலையன்ஸ் பங்கு முகமதிப்பான 10 ரூபாய்க்கே வந்தது. அலாட்மென்ட், அதாவது பங்கு ஒதுக்கீடு, கிடைத்தால் லாபம் ஏறக்குறைய நிச்சயம். எனவே எல்லோரும் போட்டார்கள், சிலருக்கே கிடைத்தது.

கிடைக்காதவர் பாடு என்ன? காசோலை அன்றே வசூலாகிவிடும். பணம் கம்பெனியின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். இஷ்யூ முடிந்து பங்கு சந்தைக்கு வருவதற்குச் சட்டமே பத்து வாரம் வரை இடம் கொடுத்தது. பல மடங்கு பணம் குவிந்த இஷ்யூக்களில் அந்தப் பணத்துக்கான வட்டி யாருக்குச் சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். போட்டவருக்கு அல்ல. பிறகு தபாலில் ஒரு நாள் 'வருந்துகிறோம்' கடிதமும் ரீஃபண்டு ஆர்டரும் வரும். வராமலும் போகும். வழியில் திருடுபோய், அதே பெயரில் எவனோ ஒரு கணக்கைத் திறந்து காசாக்கிக்கொண்ட கதைகள் நிறைய. அதனால்தான் பின்னாளில் விண்ணப்பத்திலேயே வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, ரீஃபண்டு ஆர்டரிலும் அச்சடித்தார்கள்.

ஒருவர் ஒரு விண்ணப்பம்தான் போடலாம் என்பது விதி. பொய்ப் பெயரில் போட்டால் கம்பெனிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் நம் ஊர்ப் பெயர்களுக்கு இன்ஷியல் என்றொரு வசதி உண்டே! ஆர். சுப்பிரமணியன், சுப்பிரமணியன் ராமசாமி, ஆர். எஸ். மணியன் என்று ஒரே ஆள் மூன்று ஆளாவது பெரிய வித்தையில்லை. கம்ப்யூட்டர் வராத காலத்தில் இதைக் கண்டுபிடிக்க, விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்து குமாஸ்தாவின் ஞாபகசக்தியை விட்டால் வேறு வழியில்லை.

1992-ல் கட்டுப்பாட்டாளர் பதவி ஒழிந்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி சட்டபூர்வ அதிகாரத்தோடு வந்தது. விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம் என்றானது. அணை உடைந்த பிறகு நடந்தவற்றில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது இரண்டு சம்பவங்கள். 1993-ல் இன்ஃபோசிஸ் பங்கு 95 ரூபாய்க்கு வந்தபோது வாங்க ஆளில்லை. மிச்சத்தை மார்கன் ஸ்டான்லி எடுத்துக்கொண்டு இஷ்யூவைக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே மார்கன் ஸ்டான்லி இங்கே ஒரு மியூச்சுவல் ஃபண்டைக் கொண்டுவந்தது. 10 ரூபாய் யூனிட். முதலில் வருபவருக்கே முதலில் என்று பேச்சுப் பரவ, வங்கி வாசல்களில் வரிசை நின்றது. இலவச ஃபாரம் கள்ள விலைக்கு விற்றது. யூனிட்டைப் பங்கு என்றே நம்பிப் பலர் போட்டார்கள். பிறகு அந்த யூனிட் ஆண்டுக்கணக்கில் நிகர சொத்து மதிப்புக்குக் கீழேயே விலைபோனது. கூட்டம் எங்கே நின்றது, எங்கே நிற்காமல் போனது என்பதை இந்த இரண்டும் சேர்ந்தே சொல்லிவிடுகின்றன.

அதே பித்தில் 1994-லிருந்து 96 வரை வந்த கம்பெனிகளில் பல, பணத்தை வாங்கியதோடு முகவரியே இல்லாமல் மறைந்தன. 'காணாமல் போன கம்பெனிகள்' என்று அரசே பட்டியல் போட வேண்டியதாயிற்று. வீட்டு அலமாரியில் பச்சை, நீல பார்டர் போட்ட ஷேர் சர்டிஃபிகேட்டுகளாக அவை இன்னும் இருக்கின்றன.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஒரு நல்ல யோசனை பிறந்து, வளராமல் செத்தது. அதன் பெயர் ஸ்டாக்இன்வெஸ்ட். காசோலைக்குப் பதில் வங்கி ஒரு சீட்டுக் கொடுக்கும். பணம் உங்கள் கணக்கிலேயே வட்டியோடு இருக்கும். எடுக்க மட்டும் முடியாது. அலாட்மென்ட் ஆனால், ஆன பங்குகளுக்கு உரிய தொகை மட்டும் போகும். 1990களின் தொடக்கத்தில் வந்த இது, காகிதத்தை நம்பி ஓடியதால் தவறான பயன்பாட்டுக்கும் தாமதத்துக்கும் இடம்கொடுத்தது. 2003-ல் ரிசர்வ் வங்கி கைகழுவிவிட்டது. யோசனையில் கோளாறு இல்லை. அதை ஓட்டத் தேவையான கம்பி இணைப்பு அன்றைய வங்கிகளிடம் இல்லை, அவ்வளவுதான்.

1996-ல் டெபாசிட்டரிச் சட்டம் வந்து, பங்குகள் டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்கு மாறின. சர்டிஃபிகேட் தொல்லை ஒழிந்தது. ஆனால் பழைய இன்ஷியல் வித்தை இப்போது மொத்த வியாபாரமாகியது. 2005-ல் யெஸ் பேங்க், ஐ.டி.எஃப்.சி. வெளியீடுகளில் ஆயிரக்கணக்கான பொய் டீமேட் கணக்குகளைத் திறந்து, சிறு முதலீட்டாளருக்கென்று ஒதுக்கிய பங்குகளை ஒரு சிலரே அள்ளியது பின்னர் அம்பலமானது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி வாத்வா தலைமையில் குழு அமைத்து, மோசடிக்காரர்களிடம் பறித்த பணத்தை, அன்று போட்டுக் கிடைக்காமல் போனவர்களின் கணக்குக்கு 2010-ல் பிரித்துக் கொடுத்தார்கள். எதற்கு வந்த பணம் என்றே தெரியாமல் பாஸ்புக்கைப் பார்த்து விழித்தவர்கள் இருந்திருப்பார்கள். பான் எண் கட்டாயமான பிறகு இன்ஷியலை எப்படி மாற்றிப் போட்டாலும் ஆள் ஒருவரே என்றாகிவிட்டது.

2008-ல் வந்தது ஆஸ்பா. பெயர் புதிது, சரக்கு பழைய ஸ்டாக்இன்வெஸ்ட்தான். பணம் வங்கியிலேயே முடக்கிவைக்கப்படும். அலாட்மென்ட் ஆனால்தான் கழியும். முதலில் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். 2016 ஜனவரி முதல் எல்லோருக்கும் கட்டாயம். 2019-ல் யு.பி.ஐ. சேர்ந்துகொண்டது. இஷ்யூ முடிந்து 12 வேலை நாளில் பட்டியலானது முதலில் 6 நாளாகி, 2023 டிசம்பர் முதல் 3 நாளாகக் குறுகிவிட்டது. மறுநாளே அலாட்மென்ட், அதற்கடுத்த நாள் முடக்கிய பணம் விடுதலை, மூன்றாம் நாள் வர்த்தகம். பத்து வாரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பதாண்டுகளில் நடந்தவற்றில் சிறு முதலீட்டாளருக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்பேன். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. காத்திருக்கும் காலத்தில் பணம் யாரிடம் இருக்கிறது என்பதே மாறிவிட்டது.

இன்று புரோக்கர் ஆப்பைத் திறந்து, லாட் (பங்குக் கட்டு) எண்ணிக்கையைக் கொடுத்து, 'கட் ஆஃப் விலை' என்ற கட்டத்தைத் தொட்டு, யு.பி.ஐ. ஐ.டி.யை அடித்தால் வேலை பாதி முடிந்தது. கட் ஆஃப் என்றால் கடைசியில் எந்த விலை முடிவானாலும் சம்மதம் என்று பொருள். அந்தச் சலுகை பெரிய முதலீட்டாளர்களுக்குக் கிடையாது. பிறகு பணத்தை முடக்க அனுமதி கேட்டு போனில் மேண்டேட் வரும். பின் நம்பர் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டைவிடுவது இங்கேதான். கடைசி நாள் மாலை 5 மணிக்குள் ஒப்புதல் போகாவிட்டால் விண்ணப்பமே இல்லை. மனைவியின் டீமேட்டுக்குக் கணவரின் யு.பி.ஐ.யைக் கொடுத்தாலும் தள்ளுபடி. "நாந்தாங்க பணம் கட்டுறேன், அவ கணக்குல என்ன இருக்கு?" என்று கேட்கும் கணவர்களுக்கு அந்த ஆப்பிடம் பதில் கிடையாது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. சிறு முதலீட்டாளர் பிரிவில் 2 லட்சம் ரூபாய் வரை போடலாம். ஒரு லாட் ஏறக்குறைய 15,000 ரூபாய். 13 லாட் வரை போட முடியும். முன்பு அதிகம் கேட்டவருக்கு அதிக வாய்ப்பு. 2012-ல் செபி விதியை மாற்றியது: முடிந்தவரை ஒவ்வொருவருக்கும் ஒரு லாட், விண்ணப்பங்கள் மிஞ்சினால் குலுக்கல். கூட்டம் அலைமோதும் இஷ்யூவில் 13 லாட் கேட்டவருக்கும் ஒரு லாட் கேட்டவருக்கும் குலுக்கலில் ஒரே ஒரு சீட்டுதான். ஆனாலும் சேமிப்பு முழுவதையும் முடக்கி 13 லாட் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் வேறு வழி கண்டார்கள்: அம்மா, மனைவி, மாமனார் என்று ஆளுக்கொரு டீமேட், ஆளுக்கொரு லாட். பழைய இன்ஷியல் வித்தையின் சட்டபூர்வமான பேரன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சிரமம் குறைந்ததில் யோசிக்கும் நேரமும் போய்விட்டது. அன்று வங்கி வரிசையில் நின்றவர் பொழுது போகாமலாவது அந்தப் பொடி எழுத்தில் நாலு வரி படித்திருப்பார். இன்று நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள ஆவணம் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது; பார்ப்பதோ ஜி.எம்.பி. என்கிற கிரே மார்க்கெட் பிரீமியத்தை, அதாவது பட்டியலாகும் முன்பே வெளிச்சந்தையில் பேசப்படும் கூடுதல் விலையை. அந்த எண்ணுக்குச் சட்டத்தில் இடமில்லை, யார் நிர்ணயித்தார்கள் என்பதற்கு ஆதாரமும் இல்லை. 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டே இரண்டு மோட்டார் சைக்கிள் ஷோரூம் நடத்திய ரிசோர்ஸ்ஃபுல் ஆட்டோமொபைல் என்ற சிறு கம்பெனி 12 கோடி ரூபாய் கேட்டது. சுமார் 4,800 கோடிக்கு விண்ணப்பங்கள் வந்தன. அடுத்த மாதம் செபி வெளியிட்ட ஆய்வு, தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்த பங்குகளில் மதிப்பளவில் 50.2 சதவீதத்தை ஒரு வாரத்துக்குள் விற்றுவிட்டதாகச் சொன்னது. அதில் தப்பில்லை என்றும் வாதாடலாம். கோல்கேட் காலத்திலும் விற்றவர்கள் விற்றார்கள். ஆனால் அன்று சர்டிஃபிகேட் கைக்கு வந்து, அதை மாற்றி விற்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பலர் சோம்பேறித்தனத்தாலேயே பணக்காரரானார்கள்.

பணம் யாரிடம் என்ற கேள்விக்கு இப்போது இன்னொரு முகமும் இருக்கிறது. பழைய இஷ்யூக்கள் பலவற்றில் போட்ட பணம் கம்பெனிக்குப் போகும். ஆலை வரும், மிஷின் வரும். இன்று பல பெரிய வெளியீடுகள் 'ஆஃபர் ஃபார் சேல்' வகை. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் விற்கிறார், பணம் அவருக்கே. 2022 மே மாதம் எல்.ஐ.சி. வந்தபோது பாலிசிதாரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடும் 60 ரூபாய் தள்ளுபடியும் கொடுத்தார்கள். வாழ்நாளில் பங்குச் சந்தைப் பக்கமே போகாத ஓய்வூதியர்கள் அதற்காகவே பாலிசியில் பான் எண்ணைச் சேர்த்து டீமேட் கணக்குத் திறந்தார்கள். 949 ரூபாய்ப் பங்கு முதல் நாள் 870-ஐ ஒட்டித் திறந்தது. கிடைத்த தொகை முழுதும் மத்திய அரசின் கஜானாவுக்கு. 2024 அக்டோபரில், ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்யும் ஹூண்டாய் 27,870 கோடி ரூபாய் திரட்டியது. அதில் ஒரு ரூபாய்கூட இந்திய ஹூண்டாய்க்கு வரவில்லை, எல்லாம் கொரியத் தாய் நிறுவனத்துக்கு. ஆவணத்தில் 'வெளியீட்டின் நோக்கம்' என்ற பகுதியிலேயே இது எழுதியிருந்தது. சிறு முதலீட்டாளர் பிரிவில் ஒதுக்கிய பங்கில் பாதிக்கே ஆள் வந்ததால் அங்கே குலுக்கலே நடக்கவில்லை. சரியாக விண்ணப்பித்த எல்லோருக்கும் கேட்டதெல்லாம் கிடைத்தது. 1,960 ரூபாய்க்குக் கிடைத்த பங்கு 1,934-ல் பட்டியலானது.