கடல்காற்று வந்துசேராத பகல்: மேற்குப் புறநகரில் பங்குனியிலேயே கத்திரி ஏன்?

பங்குனி பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. "நுங்கம்பாக்கத்தில் 36 டிகிரி, மீனம்பாக்கத்தில் 37 டிகிரி" என்று செய்தியில் வாசிப்பார்கள். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உட்கார்ந்து கேட்பவருக்குக் கணக்கு உதைக்கும். மாலை ஆறு மணிக்குக் குளிக்கலாம் என்று குழாயைத் திறந்தால், மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீர் கையைச் சுடுகிறது. இரவு பத்து மணிக்கும் மின்விசிறி வெக்கையைத்தான் இறைக்கிறது. இப்போதே இப்படியென்றால் கத்திரி வந்தால் என்ன ஆகும் என்ற பேச்சு தெருவுக்குத் தெரு கிளம்பிவிடுகிறது.

செய்தியில் சொன்ன அளவு பொய்யில்லை. ஆனால் அது வேறு இடத்தின் அளவு. அந்த நாளின் உச்சத்தை மட்டும் சொல்லும் அளவு. மேற்குப் புறநகரின் பாடு உச்சத்தில் மட்டும் இல்லை; அந்த வெப்பம் எத்தனை மணி நேரம் விலகாமல் நிற்கிறது என்பதில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால், பருவத்துக்கு முன்பே வரும் வெயில் ஏன் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை இப்படி வாட்டுகிறது என்பது விளங்கும்.

எத்தனை டிகிரி என்றால் வெப்ப அலை?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி சமவெளியில் 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் 37 டிகிரி என்பது முதல் படி. அதைத் தாண்டினால் மட்டும் போதாது. அந்த இடத்தின், அந்தக் காலத்தின் இயல்பைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். ஒரு வானிலை உட்கோட்டத்தில் இரண்டு நிலையங்களிலாவது, தொடர்ந்து இரண்டு நாள் இப்படிப் பதிவானால்தான் இரண்டாம் நாளில் வெப்ப அலை என்று அறிவிப்பார்கள்.

நுங்கம்பாக்கத்தில் மார்ச் மாதப் பகல் உச்சத்தின் இயல்பு ஏறத்தாழ 33 டிகிரி. மே மாதத்தில் ஏறத்தாழ 37. மார்ச்சில் 38 டிகிரி பதிவானால் அது இயல்பைவிட 5 டிகிரி அதிகம். வெப்ப அலைக்கான அளவு. அதே 38 மே மாதத்தில் வந்தால் வழக்கமான வெயில், அவ்வளவுதான். முன்கூட்டி வரும் வெப்பத்தை நிபுணர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். உடம்பு இன்னும் பழகியிருக்காது. வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். வியர்வை சீக்கிரம் சுரக்கவும், அதில் உப்பு குறைவாக வெளியேறவும் அந்த அவகாசம் தேவை.

சென்னையின் நீண்ட காலக் கணக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகிய இரண்டு நிலையங்களை நம்பியிருக்கிறது. நுங்கம்பாக்கத்தின் வானிலைப் பாரம்பரியம் 1792இல் அங்கே எழுந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரிதான் இன்றுவரை நகரத்தின் உச்சம். இந்த நிலையம் கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. மீனம்பாக்கம் சுமார் பத்து. அம்பத்தூர் பதினான்கு, ஆவடியும் பூந்தமல்லியும் இருபது கிலோமீட்டர் அளவில். புறநகரில் இப்போது தானியங்கிக் கருவிகள் இருந்தாலும், முப்பது ஆண்டுச் சராசரி இல்லாத இடத்தில் இயல்பைவிட எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை.

காற்று எப்போது திரும்பும்?

சென்னையின் கோடையை நிர்ணயிப்பது கடல்காற்று. காலையில் வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகிறது. கடல் அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. தரைமேல் காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நண்பகலை ஒட்டி மெரினாவில் காற்று திரும்பிவிட்டால் நுங்கம்பாக்கத்தில் பாதரசம் அதோடு நின்றுவிடும். அதே காற்று ஆவடிக்கு வந்துசேர மேலும் ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இங்கே வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும்.

கடல்காற்று உள்ளே வருவதைத் தடுப்பது தரைக்காற்று. ராயலசீமா பக்கமிருந்து வறண்ட வடமேற்குக் காற்று பலமாக வீசினால் கடல்காற்று கரையோரத்திலேயே முட்டி நிற்கும். மே, ஜூனில் மேல்காற்று வலுக்கும்போது இது அடிக்கடி நடப்பதுதான். மார்ச்சில் வழக்கமாக வங்கக் கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று வந்து காப்பாற்றிவிடும். ஆனால் சில ஆண்டுகளில் தீபகற்பத்தின் மேல் உயரத்தில் உயர் அழுத்தச் சுழற்சி ஒன்று உட்கார்ந்துவிடுகிறது. அதன் கீழே காற்று மெல்ல இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும், சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதுபோல. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி ஏறும். மேகம் உருவாகாது, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். தை, மாசியில் மழை பெய்யாமல் மண் காய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. கத்திரி வெயில் எனப்படும் அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்குகிறது. ஆனால் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 24 வாக்கில். அன்று நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. நிழல் குறுகத் தொடங்குவது அதற்கும் பல வாரம் முன்னால். தரை சேர்த்துவைக்கும் சூடும், தரைக்காற்றின் வலுவும் சேர்ந்து மே மாதத்தை உச்சமாக்குகின்றன. அதனால் ஏப்ரலோ மார்ச் கடைசியோ சாதுவான காலம் என்று ஆகிவிடாது.

பாலைவனத்துக்கும் புறநகருக்கும் என்ன உறவு?

பருவம் முந்துவது நம் ஊருக்கு மட்டும் நேர்வதில்லை. தார் பாலைவனத்திலுள்ள ராஜஸ்தானின் பார்மரில் 2025 ஏப்ரல் 6 அன்று 45.6 டிகிரி பதிவானது, இயல்பைவிட 6.8 டிகிரி அதிகம். மே கடைசியில் எதிர்பார்க்கிற வெயில் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்துவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரிக் கடைசியிலேயே மும்பை, கோவா போன்ற கடலோர ஊர்கள் வெப்ப அலையில் தவித்தன. 2022 மார்ச்சில் நாட்டின் சராசரிப் பகல் வெப்பம் 33.1 டிகிரியைத் தொட்டது. 1901 முதலான பதிவில் அவ்வளவு வெப்பமான மார்ச் அதுவரை இருந்ததில்லை. புவி வெப்பமாதலால் அடிப்படை அளவே உயர்ந்திருப்பதால், முன்பு அபூர்வமாக வந்தவை இப்போது அடுத்தடுத்து வருகின்றன.

பாலைவனம் ஏன் அவ்வளவு சுடுகிறது? அங்கே ஆவியாக்கத் தண்ணீர் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். ஏரியும் வயலும் மரமும் உள்ள இடத்தில் வெயிலின் பெரும்பங்கு இந்தச் செலவில் போய்விடும். காய்ந்த மண்ணில் அத்தனையும் காற்றைச் சூடாக்கப் போகும். கான்கிரீட்டும் தாரும் சிமென்ட் முற்றமும் மண்ணை மூடிவிட்ட இடத்திலும் இதேதான் நடக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை அதற்கு மூன்று ஆண்டு முன்பு. தொழிற்சாலைக்குப் பின்னால் குடியிருப்பு, குடியிருப்புக்குப் பின்னால் கிடங்கு என்று பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வயல்கள் மனைகளாயின. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என ஏரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் கரையோரம் மட்டும் கொஞ்சம் ஆறுதல். பாசன வாய்க்கால் வழியே ஏரித் தண்ணீர் போய் நனைக்க ஆயக்கட்டு வயல்கள் இல்லை.

ஒரு விஷயத்தில் பாலைவனத்துக்காரர் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர். அங்கே காற்றில் ஈரம் குறைவு. சூரியன் மறைந்ததும் தரையின் சூடு தெளிந்த வானத்துக்குப் போய்விடும், இரவில் உடம்பு ஆறும். இங்கே மாலையில் தாமதமாக வரும் கடல்காற்று வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி குறைத்தாலும் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த ஈரமே தரையின் சூடு தப்பிப்போகவும் விடுவதில்லை. பகலில் பாலைவனத்தின் அனல், இரவில் கடற்கரையின் புழுக்கம் என்று இரண்டும் புறநகர்க்காரர் தலையில்.

ஷீட்டுக்குக் கீழே

தொழிற்பேட்டைச் சந்துகளில் இருக்கும் சிறு லேத் பட்டறைகளைப் பாருங்கள். மேலே தகர ஷீட், பக்கத்துக்கு ஒரு ஜன்னல், உள்ளே மோட்டாரும் கம்ப்ரசரும் கக்கும் சூடு. பகல் இரண்டு மணிக்கு ஷீட் வெயிலை வாங்கி அப்படியே தலைமேல் இறக்குகிறது. தூசு பறக்கும் என்றோ பொருள் ஆடும் என்றோ சில வேலைகளில் மின்விசிறியும் போட முடியாது. இந்தச் சூடு எந்த வானிலைப் பதிவிலும் ஏறாது; வானிலைக் கருவி நிழலில், காற்றோட்டமான பெட்டியில் இருக்கிறது. வேலை முடிந்து போகும் வீடும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையாகவோ மேல்மாடியாகவோ இருந்தால், இருபத்துநாலு மணி நேரமும் உடம்புக்கு விடுப்பே கிடையாது.

உடல் தன் சூட்டைத் தணிக்க முக்கியமாக நம்பியிருப்பது வியர்வை உலர்வதை. புழுக்கத்தில் வியர்வை வழியும், உலராது. தலைவலி, வாந்தி உணர்வு, தசைப்பிடிப்பு ஆகியவை முதல் எச்சரிக்கை. நிழலுக்குப் போய், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் குடித்தால் சரியாகிவிடும். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வெப்பவாதம் என்றே கொள்ள வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கத்திரிக்குக் காத்திருக்கலாமா?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அரசுப் பள்ளிகளின் கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையும் நடக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் இந்த வட்டாரத்தில் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில், ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. ஒரே வெக்கைக்கு மூன்று நிர்வாகம். மூன்றும் ஒரே நாளில் விழித்துக்கொள்ள ஒரு பொது ஏற்பாடு வேண்டும்.

தண்ணீர்ப் பந்தல் சித்திரையில்தான் திறக்க வேண்டும் என்று சாத்திரம் இல்லை. மாசிக் கடைசியில் பந்தலும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தயாராக இருக்கலாம். தொழிற்பேட்டையில் ஷீட்டின் மேல் வெள்ளைப் பூச்சு, பகல் 12 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்கு ஓய்வு, காலை ஷிப்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. கூடவே, பட்டறைக்குள் ஒரு வெப்பமானியும் ஈரமானியும் மாட்டி, மதியம் ஒருமுறையும் இரவு ஒருமுறையும் குறித்துவைத்தால் நுங்கம்பாக்கத்துக் கணக்குக்கு வெளியே இருக்கும் இந்த வட்டாரத்துக்கு அதுவே முதல் சான்றாகும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்கும் ஊர் அல்ல இது. காற்று திரும்பத் தாமதமாகும் முதல் வாரமே இங்கே கோடை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு, வேலை நேரத்தை அன்றே மாற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம்.